பீப்பாய்க்கு மூன்று நாள் ஆயுள்

லண்டன் விக்டோரியா நிலையத்தில் ரயில் ஏறினால் தெற்கே ஒரு மணி நேரத்தில் லூயிஸ் வந்துவிடும். சுண்ணாம்புக் குன்றுகளுக்கு நடுவே, ஊஸ் ஆற்றங்கரையில் அமைந்த சிற்றூர் அது. மேட்டில் நார்மன் காலத்துக் கோட்டை. பள்ளத்தில், ஆற்றை ஒட்டி, 1790இல் தொடங்கிய ஹார்வீஸ் பீர் ஆலை. கோட்டைக்குப் பக்கத்துச் சந்தில் லூயிஸ் ஆர்ம்ஸ் என்றொரு பப். இங்கிலாந்தின் பாரம்பரிய பப்களைப் பார்க்கப் புறப்படுகிறவர்கள் பொதுவாக இங்கிருந்து தொடங்குவதில்லை. 1676ஆம் ஆண்டுத் தீ விபத்துக்குப் பின் மறுபடி கட்டிய சதர்க்கின் ஜார்ஜ் இன்னுக்குப் போவார்கள்; அல்லது மணற்பாறைக் குகைகளை அறைகளாகக் கொண்டு, 1189 என்ற ஆண்டைச் சுவரில் எழுதிவைத்திருக்கும் நாட்டிங்ஹாமின் 'டிரிப் டு ஜெருசலேம்' பப்புக்குப் போவார்கள். வழிகாட்டி நூல்களும் கட்டடத்தின் வயதைத்தான் முதலில் சொல்கின்றன. கறுத்த உத்தரமும் சாய்ந்த சுவரும் இருந்தால் அது பாரம்பரியம் என்று முடிவாகிவிடுகிறது. தெற்கிலிருந்து வடக்கு வரை ஒரு சுற்று வந்து, எந்த பப் பிழைத்தது, எது பிழைக்கவில்லை என்று கணக்குப் பார்த்தால் வேறு முடிவுக்குத்தான் வர வேண்டியிருக்கிறது. பப்பைக் காப்பாற்றுவதில் உத்தரத்துக்குப் பங்கு குறைவு. நிலவறையில் அன்றாடம் நடக்கும் வேலைக்கும், கட்டடத்தின் பத்திரம் யார் கையில் இருக்கிறது என்பதற்கும்தான் பங்கு அதிகம்.

முதலில் நிலவறை. 'ரியல் ஏல்' என்று அங்கே சொல்லப்படும் பீர், ஆலையை விட்டுக் கிளம்பும்போது பாதி வேலை முடிந்த சரக்கு. வடிகட்டாமல், சூடுபடுத்தி ஈஸ்ட்டைக் கொல்லாமல், உயிரோடு பீப்பாயில் அடைத்து அனுப்புகிறார்கள். மிச்ச நொதிப்பு பப்புக்கு அடியில் நடக்கிறது. வந்த பீப்பாயைச் சட்டத்தின்மீது படுக்கவைத்து, மேல்வயிற்றில் இருக்கும் அடைப்பில் ஒரு மென்மர ஆப்பைக் கொட்டாப்புளியால் அடிப்பார்கள். மரத்தின் நுண்துளைகள் வழியே வாயு கசியும். ஆப்பின் தலையில் நுரை பொங்கும். நிலவறைக்காரர் அதைத் துடைத்துவிட்டு, மறுபடி நுரைக்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்ப்பார். நுரை வரும் வேகம் தணிந்தால் உள்ளே கொந்தளிப்பு அடங்கிவிட்டது என்று பொருள். உடனே மென்மர ஆப்பை எடுத்துவிட்டு, வாயு புகாத கெட்டி ஆப்பை வைப்பார். மீனின் காற்றுப்பையிலிருந்து எடுத்த பசைப்பொருள் ஈஸ்ட்டைத் திரட்டிப் பீப்பாயின் அடிவயிற்றுக்கு இழுத்துச் செல்லும்; அதற்குப் பிறகு பீப்பாயை அசைக்கவே கூடாது. முகப்புத் துளையில் குழாயை ஒரே அடியில் இறக்க வேண்டும். இரண்டாவது அடிக்கு வேலை வைத்தால் தரையெல்லாம் பீர். நிலவறையின் வெப்பம் 11 முதல் 13 டிகிரிக்குள் நிற்க வேண்டும். மேலே கவுன்டரில் இருப்பவர் கைப்பம்பை இழுக்க, வாயு அழுத்தம் எதுவும் இல்லாமல் பீர் கோப்பைக்கு ஏறுகிறது. கோப்பைக்குப் போன அளவுக்கு ஈடாகப் பீப்பாய்க்குள் காற்று நுழைகிறது. அந்தக் காற்றுதான் எமன். மரத்திலிருந்து இறக்கிய கள் பொழுது ஏற ஏறப் புளிப்பதைப்போல, திறந்த பீப்பாயும் மூன்று நாளில் களையிழந்து காடியை நோக்கிப் போகத் தொடங்கும்.

இந்த மூன்று நாள் கெடுவிலிருந்துதான் மற்ற எல்லாமே பிறக்கிறது. பப்களில் பரவலாகப் புழங்கும் ஃபர்கின் பீப்பாயின் கொள்ளளவு 9 காலன். அதாவது 72 பைண்ட். அது மூன்று நாளில் தீர வேண்டுமானால் அந்த ஒரு வகையிலேயே தினமும் 24 பைண்ட் போக வேண்டும். நான்கு கைப்பம்பு வைத்திருக்கும் பப் என்றால் தினம் 96 பைண்ட். இதை வார இறுதியில் வந்து படம் எடுத்துக்கொண்டு போகும் பயணிகளை நம்பிச் செய்ய முடியாது. மழை பெய்யும் செவ்வாய்க்கிழமையும் நடந்து வருகிற அக்கம்பக்கத்து ஆட்கள் வேண்டும். அவர்கள் வராத பப்பில் பீர் கெடும். கெட்ட பீரைக் குடித்தவர் மறுபடி வரமாட்டார். இன்னும் மெதுவாக விற்பதால் இன்னும் கெடும். ஆகவே தெளிந்த, உயிருள்ள ஒரு பைண்ட் ஏல் என்பது சுற்றுவட்டாரத்தோடு அந்த பப்புக்கு உறவு இருக்கிறது என்பதற்கான அத்தாட்சி. பேக்கரிப் பொருளுக்கும் பூக்கடைக்கும்கூட இதே விதி உண்டே என்று கேட்கலாம். உண்டுதான், ஆனால் அங்கே தயாரிப்பு முடிந்த பிறகுதான் கடைக்காரர் வருகிறார். இங்கே கடைக்காரரே தயாரிப்பின் கடைசிப் பங்காளி. அவருடைய கைத்திறன் போனால் ஆலையின் உழைப்பும் போயிற்று.

பெரிய நிறுவனங்களுக்கு இந்த உறவு ஒரு செலவாகத்தான் தெரிந்தது. 1960களில் பிரிட்டனின் ஆறு பெரிய பீர் நிறுவனங்கள் வடிகட்டி, பாஸ்ச்சரைஸ் செய்து, குளிரூட்டி, கரியமில வாயுவால் தள்ளும் கெக் பீரை நாடெங்கும் பரப்பின. வாட்னீஸின் ரெட் பேரல் அதற்குக் கொடியேந்தியது. வாரக்கணக்கில் கெடாது, யார் ஊற்றினாலும் ஒரே மாதிரி இருக்கும், நிலவறைத் திறன் தேவையில்லை. 1971இல் அயர்லாந்தின் கெர்ரி மாவட்டத்துக்கு விடுமுறையில் போன நான்கு ஆங்கிலேயர்கள், டன்குவின் ஊரில் க்ரூகர்ஸ் என்ற மதுக்கூடத்தில் உட்கார்ந்து இதற்கெதிராக ஓர் இயக்கம் தொடங்கினார்கள். இன்று கேம்ரா என்று அறியப்படும் அந்த இயக்கம் 1974இல் வெளியிட்ட முதல் அச்சுக் கையேட்டில் வாட்னீஸ் பீரைக் கொள்ளை நோயைப்போல் ஒதுக்குங்கள் என்று எழுதியிருந்தது. வழக்கு வருமோ என்ற பயத்தில் பதிப்பாளர் அந்தச் சொற்களைக் கொஞ்சம் மென்மையாக்க வேண்டியதாயிற்று. இந்த இயக்கத்தைச் சுவை பற்றிய சண்டையாகவே பலர் நினைவுகூர்கிறார்கள். அதன் அடியில் ஓடியது அதிகாரம் பற்றிய சண்டை. ஒரு தெருவில் என்ன கிடைக்க வேண்டும் என்பதைத் தலைமை அலுவலகம் தீர்மானிப்பதா, தெரு தீர்மானிப்பதா?

லூயிஸ் ஆர்ம்ஸ் அந்தக் கேள்விக்கு ஊரார் கொடுத்த பதில். அந்த பப்பின் உரிமை சஃபோக் மாவட்டத்து கிரீன் கிங் நிறுவனத்திடம் இருந்தது. 2006 டிசம்பரில் அது, சில நூறு மீட்டர் தள்ளிக் காய்ச்சப்படும் ஹார்வீஸ் பீரைக் கவுன்டரிலிருந்து எடுத்துவிட்டு, தன் சொந்தச் சரக்கை மட்டும் வைத்தது. சட்டப்படி அதில் குற்றமில்லை. ஆலைக்குச் சொந்தமான பப் அந்த ஆலையின் பீரைத்தான் விற்க வேண்டும் என்ற கட்டு பிரிட்டனில் பல தலைமுறையாக இருக்கிறது. வாடிக்கையாளர்கள் பப்பைப் புறக்கணித்தார்கள். பட்டாணி எறியும் உலகப் போட்டியை நடத்தும் அளவுக்குக் குறும்பு நிறைந்த கூட்டம் அது. குளிர்காலம் முழுக்க வாசலில் நின்று, வருகிறவர்களிடம் விஷயத்தைச் சொல்லித் திருப்பி அனுப்பியது. 133 நாள் கழித்து, 2007 ஏப்ரலில், நிறுவனம் இறங்கி வந்தது; ஹார்வீஸ் திரும்பியது. இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. எடுக்கப்பட்டதும் ஏல்தான், வைக்கப்பட்டதும் ஏல்தான். கெக்குக்கு எதிரான போராட்டமாக மட்டும் இது இருந்திருந்தால் இத்தனை பேர் வாசலில் நின்றிருக்க மாட்டார்கள். தங்கள் ஊர்த் தண்ணீரில் காய்ச்சியதைத் தங்கள் ஊர் பப்பிலிருந்து இன்னொரு மாவட்டத்தில் இருப்பவர் எடுத்துவிடலாம் என்பதுதான் அவர்களை வெகுண்டெழ வைத்தது.

அரசாங்கமே இந்தக் கட்டை உடைக்கப் பார்த்து எதிர்பாராத இடத்தில் போய் நின்றது. நாட்டின் பீரில் சுமார் முக்கால் பங்கு ஆறு நிறுவனங்களிடம் சிக்கியிருப்பதைக் கண்ட ஏகபோக ஆணையத்தின் அறிக்கையைத் தொடர்ந்து, 1989இல் பீர் ஆணைகள் வந்தன. 2,000க்கும் மேல் பப் வைத்திருக்கும் பீர் நிறுவனம், அந்த உபரியில் பாதியைக் கட்டிலிருந்து 1992க்குள் விடுவிக்க வேண்டும். வெளி ஆலையின் பீப்பாய் ஏல் ஒன்றை விற்கவும் தன் பப்களை அனுமதிக்க வேண்டும். நோக்கம் நல்லதே. ஆனால் வரம்பு பீர் காய்ச்சும் நிறுவனத்துக்கு மட்டுமே. காய்ச்சாத நிறுவனம் எத்தனை பப் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். அந்த ஓட்டைக்குள் பஞ்ச், என்டர்பிரைஸ் போன்ற சொத்து நிறுவனங்கள் புகுந்து, கடன் வாங்கி, உச்சத்தில் ஆளுக்கு எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட பப்களைச் சேர்த்தன. பப் நடத்துபவர் அவர்களுக்கு வாடகையும் கொடுக்க வேண்டும், அவர்கள் சொல்லும் விலைக்குப் பீரும் வாங்க வேண்டும். பழைய முதலாளிக்குப் பீர் விற்றால்தான் லாபம். புதியவருக்கோ கட்டடத்தை அடுக்குமாடிக்கு விற்றாலும் லாபம்தான். சந்தை வாடகையை மட்டும் கொடுத்துவிட்டுப் பீர்க் கட்டிலிருந்து விலகும் உரிமை இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2016இல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்குள் எத்தனையோ கதவுகள் மூடியிருந்தன. 2000இல் அறுபதாயிரத்தைத் தாண்டியிருந்த பிரிட்டன் பப்களின் எண்ணிக்கை இன்று சுமார் நாற்பத்தைந்தாயிரம்.

லூயிஸிலிருந்து லண்டன் திரும்பினால் இதற்கு இரண்டு கட்டடங்கள் சாட்சி சொல்கின்றன. மைடா வேல் பகுதியின் கார்ல்டன் டேவர்ன் 1920களின் தொடக்கத்தில் கட்டப்பட்டது; இரண்டாம் உலகப்போரின் குண்டுவீச்சில் தப்பியது. 2015 ஏப்ரலில், பாதுகாக்கப்பட்ட கட்டடமாக அதை அறிவிக்கும் ஏற்பாடு நடந்துகொண்டிருந்தபோதே, அடுக்குமாடி கட்டும் திட்டம் வைத்திருந்த உரிமையாளர் அனுமதியின்றி அதை இடித்துத் தள்ளினார். அதே செங்கல் அடுக்கில், அதே ஓடு வேலைப்பாட்டில் திரும்பக் கட்ட வேண்டும் என்று வெஸ்ட்மின்ஸ்டர் மன்றம் உத்தரவிட்டது. அப்பகுதி மக்கள் முன்பே சந்தேகப்பட்டுச் சொல்லிவைத்திருந்ததால் கட்டடத்தின் நுணுக்கங்கள் பதிவாகியிருந்தன. 2021இல் கதவு மறுபடி திறந்தது. நன்ஹெட்டின் ஐவி ஹவுஸ் கதையில் இடிப்பு இல்லை. 2011ஆம் ஆண்டின் உள்ளூர் அதிகாரச் சட்டம், ஊருக்குப் பயன்படும் இடங்களைச் 'சமூக மதிப்புள்ள சொத்து' என்று பதிவுசெய்ய வழி திறந்தது. அந்தப் பட்டியலில் ஏறிய முதல் பப் இதுதான். அக்கம்பக்கத்தினர் பங்கு திரட்டி 2013இல் அதை வாங்கினார்கள், கூட்டுறவாக நடத்துகிறார்கள். இப்போதைய கார்ல்டனின் செங்கல் புதியது, ஐவி ஹவுஸின் செங்கல் பழையது. இரண்டையும் தூக்கி நிறுத்தியது ஊரார் கையில் சட்டப்பிடி இருந்ததுதான்.

வயது முக்கியமில்லை என்பதற்கு இன்னும் நேரான சான்று கென்ட் மாவட்டத்து ஹெர்ன் கிராமத்தில் இருக்கிறது. 2003ஆம் ஆண்டு உரிமச் சட்டம் 2005 நவம்பரில் நடைமுறைக்கு வந்தபோது புதிய உரிமம் வாங்குவது சுலபமாயிற்று. அந்த நேரத்தில் ஒரு பழைய இறைச்சிக் கடையில் புட்சர்ஸ் ஆர்ம்ஸ் திறந்தது. ஓர் அறை, சில பீப்பாய்கள், பேச்சு. இசை இல்லை, சூதாட்ட இயந்திரம் இல்லை. இதைப் பார்த்து மூடிய தபால் நிலையங்களிலும் முடிதிருத்தகங்களிலும் 'மைக்ரோபப்'கள் நூற்றுக்கணக்கில் முளைத்தன. அறை சிறியதாக இருந்தால் வாடகை குறைவு. விற்பது நாலைந்து பீப்பாய் என்றாலும் அது மூன்று நாளில் தீர்ந்துவிடும். உத்தரமே இல்லாத இடத்தில் மரபு வேலை செய்கிறது. காரணம், கணக்கு சரியாக விழுகிறது, சாவி நடத்துபவர் கையில் இருக்கிறது.

இதெல்லாம் ஏக்கம்தானே என்று ஒருவர் மறுக்கலாம். இளைஞர்கள் லாகர் கேட்கிறார்கள், சிலர் குடிப்பதே இல்லை. இன்றைய நல்ல சிற்றாலைகள் கெக்கிலேயே அருமையான பீர் தருகின்றன. சந்தை தீர்ப்புச் சொல்லியாயிற்று, பிறகென்ன? ஏக்கம் கலந்திருப்பது உண்மை. 1946இல் ஜார்ஜ் ஆர்வெல் தன் லட்சிய பப்பைக் கட்டுரையில் விவரித்துவிட்டு, அப்படியொன்று இல்லை என்று தானே போட்டுடைத்தார். ஆக அன்றைக்கே அது கனவுதான். கெக் பீர் மட்டம் என்று இன்று சொல்வதும் நியாயமாகாது. ஆனால் சந்தை தீர்ப்புச் சொன்னது என்பது பாதிக் கதை. பர்ட்டனைப் பாருங்கள். ஜிப்சம் கலந்த கிணற்று நீரால் பெயர்பெற்ற இந்த ஊர்தான், 1820களிலிருந்து லண்டனின் ஹாட்ஜ்சன் ஆலையோடு போட்டியிட்டு, கல்கத்தாவுக்கும் மதராஸுக்கும் ஹாப்ஸ் தூக்கலான ஏலைக் கப்பலேற்றியது. மரப் பீப்பாய்களை வரிசையாக இணைத்து நொதிக்கவைக்கும் 'யூனியன்' முறையை இங்கே கடைசிவரை வைத்திருந்தது மார்ஸ்டன்ஸ் ஆலை. 2024இல் அந்த வரிசைகளைக் கைவிட முடிவெடுத்தவர்கள் பப்பில் நின்று பைண்ட் கேட்கிறவர்கள் இல்லை. அந்த ஆலையைக் கையில் வைத்திருந்த கார்ல்ஸ்பெர்க் மார்ஸ்டன்ஸ் நிறுவனம். அதில் ஒரு தொகுதியை டார்பிஷயரின் தார்ன்பிரிட்ஜ் என்ற சிறிய ஆலை எடுத்துக்கொண்டு, ஓடவும் வைத்துவிட்டது. பெரியவருக்குக் கட்டுப்படியாகாதது சிறியவருக்குக் கட்டுப்படியாகிறது என்றால், இல்லாமல் போனது தேவை என்று சொல்வது சரியல்ல.

இரண்டாவது மறுப்பு இதைவிடக் கனமானது. ஊரார் முடிவு என்கிறோமே, அந்த ஊராரில் யார் யார் சேர்த்தி? பர்மிங்ஹாமை ஒட்டிய ஸ்மெத்விக்கில் 1960களில் பப்களின் நல்ல அறைகள் இந்தியர்களுக்கும் கரீபியர்களுக்கும் மூடியிருந்தன. வார்ப்பாலைகளில் உழைத்த பஞ்சாபியர்களைத் திரட்டி இந்தியத் தொழிலாளர் சங்கம் அதை எதிர்த்தது. அந்தச் சங்கத்தின் அழைப்பில் 1965 பிப்ரவரியில் மால்கம் எக்ஸ் ஸ்மெத்விக் வந்தபோது, ப்ளூ கேட்ஸ் என்ற பப்பில் அவருக்கும் பரிமாற மறுத்தார்கள். அவர் கொல்லப்படுவதற்கு ஒன்பது நாள் முன்பு நடந்தது இது. பொது இடங்களில் நிறவேற்றுமையைத் தடைசெய்யும் சட்டம் அந்த ஆண்டின் இறுதியில்தான் வந்தது. லண்டன் ஃப்ளீட் தெருவின் எல் வினோ மதுக்கூடம், கவுன்டரில் நின்று கேட்கும் பெண்களுக்குப் பரிமாற மறுத்தது. அது சட்டவிரோதம் என்று தீர்ப்பு வர 1982 ஆயிற்று. ஆகவே பழைய பப்பை எல்லோருக்கும் பொதுவான திண்ணையாகக் காட்டுவது வரலாற்றுக்குச் செய்யும் துரோகம். ஆனால் ஸ்மெத்விக்கும் வெஸ்ட் பிராமிச்சும் இன்று காட்டுவது என்ன? விலக்கப்பட்டவர்களின் சமூகத்தினர் அந்த பப்களை வாங்கி, நடத்தி, கவுன்டரில் பைண்டும் அடுப்பில் தந்தூரி மிக்ஸ்டு கிரில்லுமாக 'தேசி பப்'களாக ஆக்கியிருக்கிறார்கள். மூடப்பட இருந்த பல பப்கள் இப்படித்தான் பிழைத்தன. உள்ளே வர முடியாதவர் உரிமையாளரானதும் பப்பின் எல்லை விரிந்தது. மறுப்பாகத் தொடங்கிய இதுவும் கடைசியில் பத்திரம் யார் பெயரில் என்ற கேள்வியிலேயே வந்து நிற்கிறது.

மூன்றாவது மறுப்பு, குடி. மதுவால் வீடுகள் சீரழிவதைக் கண்ணெதிரே பார்க்கும் தமிழ் வாசகருக்கு, ஒரு மதுக்கூடத்துக்கு ஆதரவாக இவ்வளவு எழுதுவது உறுத்தும். உறுத்த வேண்டும்தான். பிரிட்டனிலும் மது தீராத பொதுச் சுகாதாரப் பிரச்சினை. மலிவு மதுவைக் கட்டுப்படுத்த ஸ்காட்லாந்து 2018இல் குறைந்தபட்ச விலையே நிர்ணயித்தது. ஆனால் பப் மூடினால் குடி குறையும் என்பதற்குப் பிரிட்டனின் கணக்கு இடம் தரவில்லை. விற்கும் பீரில் பாதிக்கும் மேல் இன்று சூப்பர் மார்க்கெட்டிலிருந்து வீட்டுக்குப் போகிறது. அங்கே போதும் என்று சொல்ல ஆளில்லை. பப்பிலோ போதையேறியவருக்கு ஊற்றுவது சட்டப்படி குற்றம். சாதாரண பிட்டர் ஏலின் வலிமை நான்கு சதவீதத்தை ஒட்டியே நிற்கிறது. ஆக்ஸ்ஃபோர்டின் ராபின் டன்பர் 2016இல் வெளியிட்ட ஆய்வு, வழக்கமாகப் போக ஒரு பப் வைத்திருப்பவர்களுக்கு நெருங்கிய நண்பர்கள் அதிகம் என்று கண்டது. அதைச் செய்யச் சொன்னது கேம்ராதான் என்பதால் கொஞ்சம் எச்சரிக்கையோடு படிக்கலாம். நட்பு உள்ளவர்கள்தான் பப்புக்குப் போகிறார்களோ என்றும் கேட்கலாம். ஆனால் கேம்ரா பிறப்பதற்கு முன்பே மாஸ் அப்சர்வேஷன் என்ற ஆய்வுக் குழு, போல்டன் நகரைக் கவனித்து 1943இல் வெளியிட்ட நூலும் இதே திசையைத்தான் காட்டியது. மற்றப் பொது இடங்களில் சாதாரண மக்கள் பார்வையாளர்கள். பப்பில்தான் நடப்பதில் தாங்களே பங்காளிகள். குடியின் தீமையை இது துடைத்துவிடாது. குடிக்கிற இடம் எப்படிப்பட்டது என்பதும் அந்தத் தீமையின் அளவை மாற்றும் என்பதே இங்கே வாதம்.

பயணத்தின் வடகோடி கம்ப்ரியா. ஏரி மாவட்டக் குன்றுகளின் வடக்குச் சரிவில் உள்ள ஹெஸ்கெட் நியூமார்க்கெட்டில், ஓல்ட் க்ரௌன் பப்புக்குப் பின்னால் ஒரு களஞ்சியத்தில் 1988இலிருந்து பீர் காய்ச்சுகிறார்கள். நடத்தியவர் ஓய்வுபெற நினைத்தபோது ஊரார் 1999இல் ஆலையைக் கூட்டுறவாக்கினார்கள். 2003இல் நூற்றுக்கும் மேற்பட்டோர் பங்கு போட்டுப் பப்பையும் வாங்கினார்கள். பிரிட்டனின் முதல் கூட்டுறவு பப் அது. காய்ச்சும் இடத்துக்கும் ஊற்றும் இடத்துக்கும் நடுவே ஒரு முற்றம்தான். பீப்பாய் தீராவிட்டால் நட்டம் குடிக்கிறவருக்கே. மூன்று நாள் கெடு இங்கே சுமையாக இல்லாமல் ஊரைச் சேர்த்துப்பிடிக்கும் கயிறாகிவிட்டது. இன்று நாட்டில் நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட பப்கள் இந்த வழிக்கு வந்துவிட்டன.

இதை வெற்றிக்கதையாக மட்டும் சொல்லி முடித்தால் பொய்யாகிவிடும். பங்கு வாங்கச் சேமிப்பு வேண்டும், கூட்டம் நடத்த நேரம் வேண்டும், பத்திரம் படிக்க வக்கீல் வேண்டும். ஓய்வூதியக்காரர்கள் நிறைந்த அழகிய கிராமத்தில் இவை மூன்றும் கிடைக்கும். நகராட்சிக் குடியிருப்பின் நடுவே, பார்க்கவும் அழகில்லாத பப்பைச் சுற்றி வாழ்கிறவர்களிடம் ஒன்றும் இராது. அந்த பப் போனால் பத்திரிகையில் படம்கூட வராது. இங்கிலாந்தின் 2011ஆம் ஆண்டுச் சட்டமும் பாதி வழிதான் வருகிறது. பட்டியலில் ஏறிய சொத்தை விற்க முனைந்தால், விலை கேட்டு வர ஊராருக்கு ஆறு மாத அவகாசம் கிடைக்கும்; அவர்கள் கேட்ட விலை எதுவானாலும் உரிமையாளர் அவர்களுக்கே விற்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஸ்காட்லாந்தின் 2003ஆம் ஆண்டு நிலச் சீர்திருத்தச் சட்டமோ, முன்பதிவு செய்த சமூகத்துக்கு முதலில் வாங்கும் உரிமையையே கொடுத்தது. எல்லைக்குத் தெற்கேயும் அந்த முன்னுரிமையும், பணமில்லாத ஊர்களுக்குக் கடன் வசதியும் வந்தால்தான் ஏலின் எதிர்காலம் பற்றிப் பேசுவதில் பொருள் இருக்கும். கொட்டாப்புளி பிடிக்கக் கற்றுக்கொடுக்க ஆட்கள் இருக்கிறார்கள். காய்ச்ச ஆலைகள் இருக்கின்றன. மூன்று நாளில் தீர்க்கும் அக்கம்பக்கத்தினரும் இருக்கிறார்கள். அவர்களுக்கு வேண்டியது பேரம் பேச ஆறு மாதத் தவணை அல்ல, வாங்கும் உரிமை.